தர்ஷினியின் வலக்கை

அரசு மருத்துவமனையின் பிசியோ பகுதியில் காத்திருக்கும்போது, கைக்குழந்தையோடு புதிதாக வரும் தாய்மார்கள் முதலில் என் மகளின் கையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி பக்கத்து நாற்காலிக்கு மாறி வந்து, குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி மெதுவாகக் கேட்பாள்.

"அக்கா, உங்க பிள்ளைக்கும் பொறக்கும்போதா இப்படி ஆச்சு?"

ஆமாம் என்று தொடங்குவதற்குள் உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். முழுதாகச் சொல்ல முடிந்ததே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மாலதி. எங்கள் தீவின் பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் குமார், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்ப்பவர். கல்யாணமாகி நெடுநாள் கழித்துத் தங்கிய கரு. ஆறாம் மாதத்தில், வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தபோது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது தெரிந்தது. கர்ப்பத்தில் மட்டும் வந்து, பிரசவத்தோடு போய்விடும் வகை. தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தை அதை வாங்கிக் கொழுக்கும். தலையைவிடத் தோளும் வயிறும் பருக்கும். இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. "சோத்தைக் குறைங்க" என்று மட்டும் சொன்னார்கள். குறைத்தேன். சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்திக் குத்தி, வேலையில் சர்க்யூட் போர்டைத் தொட்டால்கூட வலித்தது.

டாக்டரைத் தேர்ந்தெடுத்தது குமாரின் அக்கா வசந்தா. அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த டாக்டர்தான் எடுத்தார். நம்மவர், வயதானவர், நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வருவார். "பயப்படாதம்மா" என்று அவர் சொல்லும்போது பாதி வலி போய்விடும் என்று அக்கா சொல்வார். உண்மைதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கடைசி ஸ்கேனில் குழந்தை நான்கு கிலோவைத் தாண்டும் என்று வந்தது. நான் கேட்டேன்.

"டாக்டர், பிள்ளை ரொம்பப் பெருசா இருக்கே. ஆபரேஷன் செஞ்சு எடுத்துட்டா நல்லதா?"

அவர் சிரித்தார். "உனக்கு நல்ல உடம்பும்மா. முதல் பிள்ளைக்கே ஏன் வயித்தைக் கிழிச்சுக்கணும்? நார்மல்லயே வந்துடும் லா."

அந்த அறையில் நடந்த பேச்சு அவ்வளவுதான். பின்னால் நீதிமன்றத்தில் இந்தச் சில வாக்கியங்களைச் சுற்றித்தான் நாள் முழுக்கப் பேசினார்கள்.

பிரசவ அறையில் குமார் என் தலைமாட்டில் நின்றிருந்தார். தலை வெளியே வரும்வரை எல்லாம் சரியாகவே போனது. "தலை தெரியுது, தலை தெரியுது" என்று குமார் சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்த தலை, ஆமை ஓட்டுக்குள் போவதுபோல் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். குழந்தையின் தோள், என் அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

குமாரை வெளியே அனுப்பினார்கள். தாதி "தெரான், தெரான்" என்று கத்தினார். மலாயில் முக்கு, முக்கு என்று அர்த்தம். நான் முக்கினேன். இன்னொருவர் கட்டிலோரம் ஏறி நின்று, என் வயிற்றின் மேல்பக்கத்தில், நெஞ்சுக்குக் கீழே, இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கீழே டாக்டர் இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு விட முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ கிழிந்தது. பிறகு ஒரேயடியாக எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

அழுகை வரத் தாமதமானது. வந்தபோது பூனைக்குட்டிபோல் இருந்தது. துணியில் சுற்றி என் கண்ணருகே காட்டினார்கள். இடக்கை காற்றைப் பிடிக்கப் பார்த்தது. வலக்கை துணிக்குள் கிடந்தது. சுற்றியதால்தான் அசையவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். துணியைப் பிரித்துப் பார்த்தேன். வலக்கை தோளிலிருந்து உள்பக்கமாகத் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தூக்கி விட்டேன். ஈரத்துணிபோல் விழுந்தது.

குழந்தை மருத்துவர் வந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். காறை எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம். முறியவில்லை. முறிந்திருந்தால் நல்லது என்று பிறகு ஒருவர் சொன்னார். எலும்பு என்றால் கூடிவிடும். இது நரம்பு. கழுத்தின் பக்கத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிணைந்து கைக்குள் இறங்குகின்றன. தோளைத் தூக்குவதும், முழங்கையை மடக்குவதும், விரலை விரிப்பதும் அந்தப் பின்னல் வழியாகப் போகும் கட்டளைகள்தான். பிறக்கும்போது தலை ஒருபக்கம் இழுபட்டுத் தோள் மறுபக்கம் மாட்டிக்கொண்டால் அந்தப் பின்னல் இழுபடும். வெறுமனே இழுபட்டிருந்தால் சில வாரங்களில் சரியாகும். அறுந்திருந்தால் ஆகாது. எர்ப்ஸ் பால்சி என்று அதற்குப் பெயர்.

டாக்டர் அன்று மாலை வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை. என் தையலைப் பார்த்தார். "தொண்ணூறு சதவீதம் தானா சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டு, கதவருகே நின்று, "சாமி கும்பிடு" என்றார்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் வசந்தா அக்கா தினமும் வந்தார். பட்டர்வொர்த்தில் சமைத்து, ஃபெர்ரி ஏறி, இக்கரையில் பஸ் பிடித்து, சூடு ஆறாமல் பத்தியச் சாப்பாடு கொண்டுவருவார். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. எனக்குத் தையல் போட்ட இடம் நெருப்பாக எரியும், உட்கார முடியாது. அக்கா என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டிவிடுவார். குழந்தையின் வலக்கைச் சட்டையை ஊக்கால் நெஞ்சோடு சேர்த்துக் குத்திவைக்கும்படி தாதி சொன்னபோது, "பச்சப்புள்ள சட்டையில ஊக்கா?" என்று கேட்டு, வீட்டிலிருந்து மெல்லிய நாடா தைத்துக் கொண்டுவந்தார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அக்காவைப் பற்றி வேறுமாதிரியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான்.

தர்ஷினி என்று பெயர் வைத்தோம். பிசியோ தொடங்கியது. ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் கையைத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி, மடக்கி நீட்ட வேண்டும். நரம்பு வேலை செய்யாவிட்டாலும் மூட்டு இறுகிவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கூடத்தில் பக்கவாதம் வந்த தாத்தாக்களும், காலில் கம்பி வைத்த மோட்டார் சைக்கிள் இளைஞர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒரு பொம்மையின் கையை ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டிருப்பேன். தர்ஷினி சிரிப்பாள். வலிக்கவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு, வலிக்காததே கெட்ட செய்தி என்று புரிந்தது.

மூன்றாவது மாதத்தில் முழங்கை மடங்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் பரீட்சை. கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினோம். இடக்கை வந்து வாங்கிக்கொண்டது.

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். மெல்லிய ஊசியைத் தசைக்குள் செருகி, நரம்பிலிருந்து மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார்கள். மயக்கம் கொடுத்துக் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கை நரம்பு அறுவை செய்யும் சீன டாக்டர், படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வரிசையாகக் கேட்டார். பிறந்த எடை என்ன? எனக்கு இனிப்பு நீர் இருந்ததா? தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது என்று முன்னாலேயே சொன்னார்களா? பிரசவத்தின்போது என் முழங்கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்களா? எங்கே அழுத்தினார்கள்?

நான் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

"இங்கேயா? அடிவயிற்றில் இல்லையா?"

"இங்கதான், டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். இரண்டு வேர்கள் அறுந்திருக்கின்றன, ஒன்று பாதி நைந்திருக்கிறது என்று படத்தைக் காட்டி விளக்கினார். காலின் பின்புறத்திலிருந்து, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய ஒரு நரம்பை எடுத்து, அறுந்த இடத்தில் பாலம்போல் வைத்துத் தைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் நான் குமாரிடம் சொன்னேன். "அவரு ஏதோ சொல்ல வந்து சொல்லாம விட்டாரு."

"நீ சும்மா யோசிக்காத. ஆபரேஷன் முடியட்டும்" என்றார்.

ஆறு மாதக் குழந்தையை மயக்க மருந்து கொடுப்பவரின் கையில் கொடுத்துவிட்டு, நானும் குமாரும் நாள் முழுக்க ஒரு காரிடாரில் உட்கார்ந்திருந்தோம். என் மார்பில் பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்தது. குமார் தன் வேலைச் சட்டையைக் கழற்றி என் தோளில் போர்த்திவிட்டு, பனியனோடு குளிரில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது தர்ஷினியின் வலக்கையும் கழுத்தும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. காலில் நீளமான தையல். தூக்க முடியவில்லை. குனிந்து, கட்டிலின் மேலேயே என் உடம்பை வளைத்துப் பால் கொடுத்தேன். அவள் குடித்தாள். அதுபோதும் என்றிருந்தது.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து முழங்கைக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அந்தக் காத்திருப்பில்தான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தோள் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தாதிப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிற விஷயம். கால்களை மடக்கி வயிற்றோடு அழுத்த வேண்டும். அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே அமுக்கித் தோளை நழுவவிட வேண்டும். செய்யக் கூடாதவை இரண்டு: வயிற்றின் மேல்பக்கத்தை அழுத்துவது, தலையைப் பிடித்து இழுப்பது. மேலிருந்து தள்ளினால் தோள் இன்னும் எலும்பில் முட்டும். இழுத்தால் நரம்பு அறுந்துபோகும்.

படித்துவிட்டுக் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வக்கீலைச் சொன்னது வேலையிடத்துத் தோழி. வக்கீல் பரீதா எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பழைய கடைவீட்டின் மாடியில் அலுவலகம். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, ஒண்ணு புரிஞ்சுக்கங்க. பிள்ளைக்குக் கெட்டது நடந்துச்சுங்கிறதுக்காக மட்டும் கோர்ட்டு டாக்டரைத் தப்புன்னு சொல்லாது. ரெண்டு விஷயம் நிரூபிக்கணும். சரியான டாக்டர் செய்யவேண்டியதை இவரு செய்யல, இல்ல சொல்லவேண்டியதைச் சொல்லல. அது ஒண்ணு. அதனாலதான் இந்தக் கை இப்படி ஆச்சு. அது ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல கயிறு அறுந்துச்சுன்னா கேஸ் விழுந்துடும்."

"நான் சொன்னா போதாதா, மிஸ்?"

"நீங்க சொல்றது வேணும். ஆனா பிரசவம் பாக்குற இன்னொரு டாக்டர் வந்து, இது தப்புன்னு சொல்லணும். இந்தத் தீவுல யாரும் வரமாட்டாங்க. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. வெளியில தேடணும்." பிறகு, "இன்னொண்ணு. கேஸ் உங்க பேர்ல இல்ல. தர்ஷினி பேர்ல. அவதான் வாதி. மைனரா இருக்கிறதால அவளுக்காக நீங்க நிக்கிறீங்க. அவ்வளவுதான்" என்றார்.

கைக்குழந்தை வாதி. அவளுக்கு அப்போது 'ம்மா' என்று மட்டும்தான் சொல்ல வரும்.

வழக்குப் போடும் காலக்கெடுவைப் பற்றியும் கேட்டேன். தனியார் என்றால் பிள்ளைக்கு வயது வரும்வரை அவகாசம் இருக்கிறது, அரசு மருத்துவமனை என்றால் மிகக் குறைவு, ஆனால் எதுவானாலும் தாமதிக்கக் கூடாது என்றார். தாதிகள் வேலை மாறிப் போய்விடுவார்கள். என் வயிற்றை அழுத்தியவர் அதற்குள் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். கடைசிவரை அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது குமார் சோற்றுத்தட்டை நகர்த்தி வைத்தார். "நம்ம ஆளு லா டாக்டரு. அவரு மேலயா கேஸ் போடுவ?"

வசந்தா அக்கா நேரிலேயே வந்தார். "மாலதி, என் ரெண்டாவது பையனுக்குக் கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அந்த மனுசன் இல்லாட்டி அவன் இன்னிக்கு இல்ல. அவரைப் போயி கோர்ட்டுல ஏத்துவியா? காசுக்காகன்னு ஊரு பேசும்."

"பேசட்டும், அக்கா. எனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும்."

"தெரிஞ்சா கை வந்துடுமா?"

அக்கா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடு மட்டும் குமாரிடம் கொடுத்தனுப்புவார்.

குமாரை மாற்றியது நானல்ல. வழக்குத் தாக்கலான பிறகு எதிர்த்தரப்பின் பதில் வந்தது. அதில், பிரசவத்தின்போது தாய் ஒத்துழைக்கவில்லை, சொன்னபடி முக்கவில்லை, அதனால்தான் தாமதம் என்று எழுதியிருந்தார்கள். குமார் நின்றுகொண்டே படித்தார். திரும்பவும் படித்தார்.

"முக்கலையா? நான் கதவுக்கு வெளியே நின்னேன். நீ கத்துனது கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார். சட்டையை மாட்டினார். "வா, லாயரைப் பாக்கலாம். நானும் சாட்சி சொல்றேன்."

வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆயின. அதற்குள் முழங்கை மடங்க ஆரம்பித்தது. முதல்முறை தர்ஷினி வலக்கையால் தன் மூக்கைத் தொட்ட அன்று குமார் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அக்காவிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. ஆனால் தோள் உயரவில்லை. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. இன்றும் கோயிலில் விபூதி வாங்க அவள் இடக்கையை நீட்டிவிட்டு, ஐயர் முகம் மாறுவதைப் பார்த்து, வலக்கையைக் கீழே தாங்கிக்கொடுப்பாள். ஜடை போட, சட்டையின் பின்பொத்தானைப் போட, பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியாது. ஒரு கை மற்றதைவிடச் சற்றுக் குட்டை. மழைநாளில் தோள் வலிக்கிறது என்பாள்.

சாட்சிக் கூண்டில் என்னைத் தமிழில் பேசச் சொன்னார் பரீதா. எனக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியும். இருந்தாலும், "வலிச்சது தமிழ்லதானே? தமிழ்லயே சொல்லுங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என் வார்த்தைகளை நீதிபதிக்கு மலாயில் சொன்னார்.

மருத்துவமனையின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். நான் கடுமையான வலியில் இருந்தேன் அல்லவா? ஆமாம். என்னால் வயிற்றுக்கு அப்பால் பார்க்க முடிந்ததா? சில சமயம் முடிந்தது. அப்படியென்றால், வயிற்றில் யார் என்ன செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையா?

"முடியும். கட்டில்மேல ஏறி நின்னு, ரெண்டு கையாலயும் நெஞ்சுக்குக் கீழ அமுக்குனாங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். 'பெகாங்' என்ற சொல் என் காதில் விழுந்தது. பிடித்தார்கள், தொட்டார்கள் என்பதற்கான சொல். நீதிபதி எழுதத் தொடங்கிவிட்டார்.

யாரும் என்னைக் கேட்காமலே பேசினேன். "யாங் ஆரிஃப், புக்கான் பெகாங். தெக்கான்." ஐயா, பிடிக்கவில்லை, அழுத்தினார்கள்.

நீதிபதி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் காது சிவக்க, ஆமாம், தெக்கான்தான் என்றார். நீதிபதி எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார். ஒரே ஒரு சொல். அதற்காகவே அத்தனை வருடம் காத்திருந்ததுபோல் இருந்தது.

டாக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். நெற்றியில் அதே திருநீறு. இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே எதிர்ப்பட்டபோது நாங்கள் இருவருமே தரையைப் பார்த்தோம்.

எங்களுக்காகச் சொல்ல வெளியூரிலிருந்து வந்த மகப்பேறு மருத்துவர் சாட்சி சொன்ன பிறகு, பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று நீதிபதி இரு தரப்பையும் கேட்டார். வேறொரு நீதிபதி நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசுவார். பரீதா எனக்கு எடுத்துச் சொன்னார். தீர்ப்புவரை போனால் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஜெயித்தாலும் மேல்முறையீடு, இன்னும் வருடங்கள். சமரசம் என்றால் தர்ஷினியின் சிகிச்சைக்கும் வருங்காலத்துக்கும் இப்போதே வழி பிறக்கும். ஆனால் அவர்கள் தவறை ஒப்புக்கொண்டதாக எங்கும் இருக்காது. எங்கள் வாயும் கட்டப்படும்.

"அப்ப எதுக்கு மிஸ் இத்தனை வருஷம்?"

"உங்களுக்கு வேற என்ன வேணும், சொல்லுங்க. கேட்டுப் பாக்கிறேன்."

"அவரு என் முகத்தைப் பாத்து, என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்."

பரீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சட்டத்துல இல்லாத ஐட்டம், தங்கச்சி." ஆனால் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் முடியவே முடியாது என்றார்கள். பிறகு அவர்களுக்குள் பேசினார்கள். பிறகு டாக்டரே சம்மதித்ததாகச் செய்தி வந்தது.

ஒரு சின்ன அறை. நீண்ட மேசை. எனக்கு எதிரே அவர். குமார் என் பக்கத்தில். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்துவிட்டன.

"டாக்டர், நான் உங்ககிட்ட ஆபரேஷன் வேணுமான்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. தோளு மாட்டிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? உள்ள மாட்டினப்ப நீங்க என்ன நெனச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் பதில் சொன்னார். தமிழில் சொன்னார். நடுவில் ஒருமுறை அவருடைய வக்கீல் முழங்கையைத் தொட்டபோது, அந்தக் கையை விலக்கிவிட்டுத் தொடர்ந்து பேசினார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர், டாக்டரின் பெயர், அந்த அறையில் பேசப்பட்டது எதுவும் வெளியே வரக் கூடாது. நான் கேட்ட கேள்வியை எழுதலாமா என்று பரீதாவிடம் விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் பேசி முடித்ததும் குமார் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார் என்பதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றம் சம்மதம் கொடுத்தது. பணம் தர்ஷினியின் பெயரில், அவளுடைய சிகிச்சைக்கும் படிப்புக்கும் என்று பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்த அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஊர் பேசத்தான் செய்தது. "நல்ல தொகையாமே" என்று பசாரில் முகம் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். வெற்றியா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துக்கொண்டேன். தர்ஷினியின் சின்ன வலக்கையை என் கழுத்துமேல் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

தர்ஷினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா அக்கா வீட்டில் விருந்து. அக்காவும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். வழக்கைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறோம். மாலையில் குமார் வேலைக்குப் போக, நானும் தர்ஷினியும் ஃபெர்ரியில் இக்கரைக்குத் திரும்பினோம். கம்பியோரம் நின்று தண்ணீரைப் பார்த்தபடி இருந்தவள், திடீரென்று சொன்னாள்.

"அம்மா, சாரி."

"எதுக்குடா?"

"நான் குண்டா இருந்ததுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். "அத்தை சொன்னாங்க. நான் பொறக்கும்போது ரொம்ப ரொம்பக் குண்டாம். வெளிய வர இடமே இல்லையாம். அதனாலதான் கை மாட்டிக்கிச்சாம். உங்களுக்கும் ரத்தம் நிறைய வந்துச்சாம். நான் கொஞ்சமா சாப்பிட்டிருந்தா ஆகியிருக்காதுல்ல?"

அக்கா கொஞ்சலாகத்தான் சொல்லியிருப்பார். மடியில் வைத்து, கன்னத்தைக் கிள்ளிச் சொல்லியிருப்பார். என் பிள்ளை அதை எத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாளோ.

நான் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இவளுக்குச் சொல்லலாமா என்று சமரசம் முடிந்த அன்றே பரீதாவிடம் கேட்டிருந்தேன். "அவதானே வாதி? அவ கேஸை அவகிட்ட மறைக்க முடியுமா? புரியிற வயசுல சொல்லுங்க" என்றிருந்தார். புரிகிற வயது எது என்று யாருக்குத் தெரியும்? அவள் காதருகே வாயை வைத்து, டாக்டர் அன்று அந்த அறையில் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். கடல்காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலையா?"

"ஒண்ணுமே பண்ணல. வெளிய வரணும்னு பாத்த. அவ்வளவுதான்."

"அத்தைக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க ஏன் சொல்லல?"

"அம்மா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சைன் வச்சிருக்கேன்டா."

தர்ஷினி என் கைப்பையைத் திறந்து இடக்கையால் போனை எடுத்தாள். அதை வலக்கையில் வைத்து, அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரலால் அத்தையின் படத்தைத் தேடினாள்.

"நான் சைன் வைக்கலையே" என்றாள்.

போனில் அக்கரையில் மணி அடிக்கும் ஓசை கேட்டது. நான் அவளைத் தடுக்கவில்லை.